கூட்டுரு

கிளிமெனியைப் பார்க்க அன்றும் வரிசை வாசல் வரை நின்றது. கோவைப் புராணக்கூடத்தில் தெய்வங்களைவிட அவளுக்குத்தான் கூட்டம்.

கதை மாந்தரைப் பேச்சுருக்களாக எழுப்பித் தருவது உயிர்ப்பேழை. ஒருவரைப் பற்றி எழுதப்பட்ட வரிகளைக் கொடுத்தால், குரலும் முகமும் கொடுத்து எதிரே நிறுத்திவிடும். உரு நிறைவாகப் பேசப் பதினைந்து வரியாவது வேண்டும்; குறைந்தால் உள்ள வரியை மட்டும் ஒப்பிக்கும். பெருந்தெய்வங்களுக்கு வரிக்குப் பஞ்சமில்லை. கிரேக்கப் புராணத்தில் கிளிமெனி என்ற பெயரில் கிடந்த சில்லறைப் பெண்களுக்கு ஆளுக்கு நாலைந்து வரி தேறினாலே அதிகம்.

கிரேக்கப் பிரிவைக் கவனித்த தெய்வானைக்கு அது பெரிய தலைவலி. அப்போது திறப்பு விழாவுக்கு நான்கே நாள் இருந்தது. ஒரு கிளிமெனி சூரியனுக்குப் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளை வானத்திலிருந்து எரிந்து விழக் கண்டவள். இன்னொருத்தியை அயல்நாட்டில் விற்றுவிடச் சொல்லிப் பெற்ற தகப்பனே கொடுத்தனுப்பினான். மற்றொருத்தி பேரழகி ஹெலனின் பணிப்பெண். அவள் கூடவே டிராய் நகருக்குப் போனாள், அவ்வளவுதான். இன்னும் இருவர் யாருக்கோ மனைவி, யாருக்கோ தாய். தெய்வானை ஐவரையும் ஒரே பேழையில் கொட்டினாள். ஒரே பெயருள்ள குறைவரி ஆட்களை ஒரே கூட்டுருவாக்கலாம் என்று விதியும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

ஐந்து பேரின் துக்கமும் ஒரே நெஞ்சில் இறங்கினால் கேட்கவா வேண்டும்? பார்த்தவர்கள் தேம்பினார்கள். இயக்குநர் அல்போன்ஸ் சால்வை போர்த்தினார். அந்த விதியை எல்லா அரசுக் கூடங்களும் எடுத்துக்கொண்டன.

ஒரு மாலை தெய்வானை கூடத்தைப் பூட்டப் போனபோது கிளிமெனி கேட்டாள்:

"அந்தப் பணிப்பெண்ணுக்குப் பிள்ளையே இல்லையே அம்மா. எரிந்து விழுந்தவனுக்காக அவள் எதற்கு தினமும் அழ வேண்டும்?"

தெய்வானைக்குச் சுருக்கென்றது. விசையை அணைத்தாள்.

அடுத்த வாரம் அவளுக்கே அழைப்பு வந்தது. இறந்தவர்களை எழுப்பும் அரசு நினைவகத்தில் அக்கா மாராத்தாள் தயார். தாயில்லாத தெய்வானையை மில்லுக்குப் போய் வளர்த்தவள். தன் கல்யாணப் பேச்சையே எடுக்கவிடாமல் தங்கையைப் படிக்க வைத்தவள். ஒரு தடவை அக்கா குரலைக் கேட்டுவிட வேண்டும் என்று தெய்வானை ஓட்டமாய் ஓடினாள்.

எதிரே நின்றவள் சிரித்தாள். "வா கண்ணு. எம்பட மூத்தவன் சுகமா இருக்கானா?"

கல்யாணமே ஆகாத அக்காவுக்கு ஏது மூத்த மகன்? பக்கத்தில் ஒரு கிழவர், "எங்கம்மா அச்சு அசல் இப்படித்தானுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தெய்வானையின் ஊர்ப்பக்கம் மாரியாத்தா பேரை வீட்டுக்கு ஒரு பெண்ணுக்காவது வைத்துவிடுவார்கள். அந்த வகையில் நாற்பத்து மூன்று மாராத்தாள்கள் ஒரே உருவத்தில் நின்றிருந்தார்கள்.

தெய்வானை பணியாளர் சுகந்தியிடம் சண்டைக்குப் போனாள். சுகந்தி குரலை உயர்த்தவில்லை. விதியை எடுத்துக் காட்டினாள். கீழே தெய்வானையின் கையெழுத்து.

"எங்க அக்காவத் தனியாப் பிரிச்சுக் குடுங்க."

"பிரிக்கலாமுங்க. ஆனா வரி ரொம்பக் கம்மி. மில்லுச் சம்பளச் சீட்டு, ஆஸ்பத்திரி அட்டை, அவ்வளவுதான். சொந்தக்காரங்க நினைவு எழுதித்தரச் சொல்லி உங்களுக்கு மூணு தடவை படிவம் அனுப்பிச்சமுங்களே."

அனுப்பத்தான் செய்தார்கள். கிளிமெனிக்காக அலைந்த நாட்களில்தான் மூன்றும் வந்தன. முதல் இரண்டையும் திறக்கக்கூட இல்லை. மூன்றாவதில், கிரேக்கத் தாள்களுக்கு நடுவே, போகிற போக்கில் எதையோ தட்டி அனுப்பியிருந்தாள். என்னவென்று இப்போது நினைவுக்கு வந்தபோது அங்கேயே செத்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது. பணிப்பெண்ணுக்கு ஒற்றை வரி எழுதிய புலவனையாவது மன்னிக்கலாம். அவளுடைய கையால் அவன் சோறு தின்றதில்லை.

"பரவால்ல, பிரிங்க" என்றாள்.

நாற்பத்து இரண்டு பேர் விலகினார்கள். மீதி நின்ற உருவம் மெலிந்து, அக்காவின் முகமானது. சாட்சாத் அக்காவே. தெய்வானை கை நீட்டினாள். அக்கா தனக்கென்று இருந்த வரிகளை எல்லாம் சொன்னாள்:

"எம்பேரு மாராத்தா. மில்லுல வேலைங்க. ஒரு தங்கச்சி இருக்கறா. வேற பெருசா ஒண்ணுமில்லீங்க."

கடைசி வரி தெய்வானை படிவத்தில் எழுதியது.