எரிந்த நூலகத்துக்கு ஒரு குத்துவிளக்கு

இத்தால் உலகத் தமிழர் அனைவருக்கும் அறியத்தருவது: 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்துக்கு, லண்டன் வெம்பிளி மண்டபமொன்றில், ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு உரிய முறையில் அஞ்சலி செலுத்தப்பட்டது. உரிய முறை என்றால் விளக்கேற்றுவது. தீக்கு இரையானதற்குத் தீ வைத்தே அஞ்சலி என்பது தமிழ்ச் சங்கச் செயற்குழுவில் ஒருவருக்கும் உறுத்தவில்லை.

கதிரைகள் நூற்றிருபது. வந்தவர்கள் பத்தொன்பது பேர். அதில் ஒன்பது பேர் விளக்கேற்றுபவர்கள். விளக்குக்கு ஐந்து முகம்தான்.

செபமாலைமுத்து ஒரு புத்தகத்தோடு வந்திருந்தார். நூலகம் எரிந்த அன்று பின்னேரம் இரவல் எடுத்தது; அதனால் தப்பியது. அன்றிலிருந்து வீட்டில் யார் நெருப்புக்குச்சி உரசினாலும் அது புகை மணக்கும். தானாகப் பக்கம் புரளும். அதை இன்று சங்கத்திடம் கொடுத்துவிட்டு, ஒருநாளாவது நித்திரை கொள்ள வேண்டும் அவருக்கு.

"அண்ணை, விளக்கு வேண்டாம். இதை மட்டும் வாங்குங்கோ."

"விளக்கில்லாமல் நிகழ்வோ?" என்றார் தலைவர் இராஜேந்திரன். "நீங்கள் ஏழாவது ஆள்."

"எனக்கு ஏலாது."

"எட்டாவது ஆளை ஏழாவதாக விட்டால் ஒன்பதாவது ஆள் கோவிப்பார்."

முதல் திரி பற்றியது.

தாள் கருகும் மணம். சிற்றுண்டிக்குப் பொறுப்பான கலாவதி, பற்றிஸ் கருகுதோ என்று போய்ப் பார்த்தார். கருகவில்லை.

இரண்டாவது திரி.

பக்கம் புரளும் ஓசை. ஒரு புத்தகத்தின் ஓசை அல்ல.

வெறும் கதிரைகளில் இருந்து.

கலாவதி ஒரு கதிரையில் கை வைத்தார். அடுத்ததிலும் வைத்தார்.

"சூடாய்க் கிடக்கு," என்றார் மெல்ல.

தலைவர் நிலைமையைச் சமாளிக்க ஒலிவாங்கியைப் பிடித்து, "பேரன்புமிக்க..." என்று தொடங்கினார்.

"மெல்லக் கதையுங்கோ," என்றது பின்வரிசை. அங்கே ஒருவரும் இல்லை. "வாசிக்கிறம்."

சங்க வரலாற்றில் தலைவர் பேச்சின் இடையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

செபமாலைமுத்து எழுந்தார். முன்வரிசையில் ஒரு வெறும் கதிரையில் புத்தகத்தை வைத்தார். அது முதல் பக்கத்தில் திறந்துகொண்டது. சற்று நேரத்தில் ஒரு தாள் புரண்டது.

அவர் வெளியே போய் ரயில் ஏறினார். அடுத்த நிலையமான கிங்ஸ்பரியில் இறங்க வேண்டியவர் கடைசி நிலையமான ஸ்ரான்மோரில்தான் கண் விழித்தார்.

ஐந்து மணிக்கு மண்டபக் காவலாளி கதிரைகளை அடுக்கினான். நூற்றுப்பத்தொன்பது. புத்தகம் இருந்த மற்றதை இரண்டு பேர் பிடித்தும் தூக்க முடியவில்லை.

ஐந்தரை மணி சும்பா நடன வகுப்பு அதைச் சுற்றி நடந்தது.