மணல்தீவுச் சம்மனசு

"படகைத் தள்ளும்வே தொபியாஸ்! தண்ணி ஏறிட்டா அந்தக் கோயிலுக்குள்ள மீன்தான் பூசை வைக்கும்!" என்று கத்தினார் கஸ்பார்.

படகோட்டி தொபியாஸ் தள்ளினான். பிரிஜித் முன்னமே ஏறி உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் ரெமி, கஸ்பாரின் தம்பி, விடியற்காலையில் தனியாக மணல்தீவுக்குப் போனவன் இன்னும் திரும்பவில்லை.

அண்ணனும் தம்பியும் தச்சர்கள். ஊர்க் கோயிலின் பழைய மரப் பீடத்தைச் செப்பனிடுகிறார்கள். பீடத்தின் ஒரு பக்கம் செதுக்குவேலைச் சம்மனசு, சிறகு வைத்த தேவதூதன் சிலை. மறுபக்கம் வெறும் இடம். அதன் ஜோடி, புயலுக்குப் பின் ஊரார் கைவிட்ட தீவுக் கோயிலில் இருந்தது.

"அந்தச் சம்மனசை எவனுக்கோ விக்கப் போயிருக்கான்" என்றார் கஸ்பார்.

"உங்க நிழல் மேலயும் உங்களுக்குச் சந்தேகம் அத்தான். சும்மா வாங்க!" என்றாள் பிரிஜித்.

கோயிலுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பீடத்தடியில் ரெமி! சுவரில் சாய்ந்து கிடந்தான். ஆள் உயரச் சம்மனசு அவன் காலை நசுக்கி, சுவருக்கும் பீடத்துக்கும் நடுவே இறுகியிருந்தது.

"கீழ் ஆப்பைத் தட்டினியாலே?"

"ஆமாண்ணே."

சிலையை இறக்கும்போது கீழ் ஆப்பை முதலில் தட்டிக் கழற்றுவது அவர்கள் பட்டறை வழக்கம். மேல் ஆணி தாங்கிக்கொள்ளும். இங்கே உப்புக்காற்று மேல் ஆணியைத் தின்றிருந்தது. முழுப் பாரமும் அந்த ஆப்பின் மேல்தான் நின்றிருக்கிறது!

மூவரும் முக்கித் தள்ளினார்கள். அசையவில்லை. தண்ணீர் ரெமியின் மார்புக்கு ஏறியது.

"சிலைய அறும்வே பெரியவரே!" என்று அலறினான் தொபியாஸ்.

கஸ்பார் சிலையைத் தடவினார். இறகு இறகாகச் செதுக்கிய வேலை. இது போனால் ஜோடி கிடையாது.

"யாருக்கு விக்க வந்தே? நெசத்தச் சொல்லு."

"திருவிழாவுக்கு நிறுத்தத்தான் அண்ணே..."

அவர் நம்பவில்லை. ஆனாலும் சிலுவை போட்டுக்கொண்டு, தண்ணீருக்குள் தடவித் தடவிச் சம்மனசின் இடுப்பில் மரமறுக்கும் வாளை வைத்தார். பிரிஜித் புருஷனின் தாடையைத் தூக்கிப் பிடித்தாள். வாள் கொஞ்சம் வழுக்கினால் ரெமியின் கால்தான் அறுபடும்! இழுத்தார், இழுத்தார். மடார்! தொபியாஸ் ரெமியை வாரி எடுத்தான்.

சம்மனசின் இரண்டு துண்டும் படகில் வந்தன. ரெமி உயிரோடு வந்ததற்குக் கரையில் கோயில் மணி அடித்தார்கள்.

திருவிழாவில் ஜோடி நின்றது. இடுப்புத் தழும்பைத் தங்கப்பூச்சால் மறைக்கச் சொன்னார் பங்குச்சாமியார்.

"கெடக்கட்டும் சாமி. மேல பாக்காம கீழ தட்டுனா என்ன ஆகும்னு வர்றவன் பாக்கட்டும்" என்றார் கஸ்பார்.

மரம் ஒட்டிக்கொண்டது. ரெமியின் நசுங்கிய காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். யாருக்கு விற்கப் போனாய் என்று கஸ்பார் அப்புறம் அவனிடம் கேட்கவில்லை. அவன் உட்கார்ந்தே செதுக்குவதற்கு வாகாக ஒரு முக்காலி அடித்துப் போட்டார்.