வாத்தின் அலகில் நீலம்

காலையில் நல்லம்மாள் அத்தையின் மூன்றாவது வாத்தும் செத்துக் கிடந்தது. அதன் அலகில் நீலச் சாயம் ஒட்டியிருந்தது.

செல்லாயிக்கு அந்த நீலம் தெரியும். நேற்று அப்பா, சினிமாப் பலகையில் கதாநாயகனுக்குத் தீட்டிய சட்டையின் நீலம்.

அத்தை வாத்தைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் போட்டார்.

“சன்னாசி அண்ணே, உங்க ஹீரோவுக்குப் புதுச் சட்டை. என் வாத்துக்குச் சாவு!”

அப்பா தலை குனிந்தார். வேலை பார்த்த சிலிம் ரிவர் தோட்டத்தை முதலாளி விற்றுவிட்டதால், ஈப்போ நகரை ஒட்டிய குனோங் ராபாட் கம்பத்துக் குடியிருப்புக்கு வந்த குடும்பம் அது. ஈப்போ தியேட்டர்களில் வாராவாரம் புதுப் படம். அப்பாவுக்கு வாராவாரம் புதுப் பலகை. தூரிகை கழுவிய மண்ணெண்ணெய் தினமும் அத்தையின் வாத்துகள் மேயும் சாக்கடைக்குப் போனது.

“கழுவுனத ஊத்தாம என்ன லா செய்யிறது?” என்றார் அப்பா.

“இன்னும் ஒண்ணுதான் மிச்சம். அதுவும் செத்துச்சுன்னா கம்பத்துத் தலைவர்கிட்ட போவேன். பட்டறைய மூட வேண்டியதுதான்.”

பட்டறை போனால் சோறு போய்விடும். செல்லாயி நாள் முழுவதும் அதையே நினைத்தாள்.

மாலையில் அப்பா அழுக்கு மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கியபோது அவள் அவர் கையைப் பிடித்தாள்.

“ஊத்தாதீங்கப்பா. இதப் பாருங்க.”

மூலையில் அப்பா மறந்துபோன பழைய டின்னைச் சாய்த்தாள். மேலே எண்ணெய் தெளிந்திருந்தது. அடியில் சாயம் கட்டிப்பால் போல உறைந்திருந்தது.

“தெளிஞ்சதுல மறுபடியும் கழுவலாம்.”

“அடியில இருக்கிற சேறு?”

செல்லாயி குச்சியால் கிளறினாள். எல்லா நிறமும் கலந்து அழுக்குப் பழுப்பு.

“வில்லனுக்குச் சட்டை போடுங்க.”

அப்பா பல நாளைக்குப் பிறகு சிரித்தார்.

அன்று முதல் சாக்கடைக்கு ஒரு சொட்டும் போகவில்லை. கடைசி வாத்து கூடைக்குள் அடைபட்டிருந்தது. செல்லாயி குழாய்த் தண்ணீர் கொண்டுபோய் வைத்தாள். அத்தை அவளிடம் பேசவில்லை, தடுக்கவும் இல்லை.

இரண்டு பெருமழை போன பிறகு, அத்தை கூடையோடு சாக்கடை ஓரம் வந்து நின்றார்.

“செல்லாயி, இப்ப விடலாமா?”

அவள் குனிந்து பார்த்தாள். ‘விடலாம்’ என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் தண்ணீரில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இன்னும் மின்னியது.

“இன்னும் ஒரு மழை வரட்டும் அத்தை.”

“நீ சொன்னா சரி.”

கூடைக்குள்ளிருந்து வாத்து இருவரையும் திட்டித் தீர்த்தது.