வெறும் சாக்கெட்

இன்வெர்ட்டரில் எதுவும் சொருகவில்லை. ஆனால் அதன் சின்னத் திரையில் எண் மட்டும் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

டார்ச்சை வாயில் கவ்வியபடி ஜீப்பின் பின்பக்கத்துக்குள் குனிந்து அவன் மறுபடியும் பார்த்தான். சாக்கெட் இரண்டும் காலி. பூஜ்யம் காட்டவேண்டிய திரை, முந்நூறு வாட் போகிறது என்றது, மெல்லக் குறைந்தது, கொஞ்சம் நின்றது, திரும்ப ஏறியது.

வயரிங்கில் தப்பு இருக்க வழியில்லை. வண்டிகளுக்கு வயரிங் செய்தே தலை நரைத்தவன் அவன். பேட்டரியின் மைனஸை முதலில் கழற்றிவிட்டு, விரல் தடிமன் சிவப்புக் கேபிளைத் தரைவிரிப்புக்கு அடியில் இழுத்து வந்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் போட்டு, கறுப்புக் கேபிளுக்காக வண்டியின் அடிச்சட்டத்தில் இரும்பு பளபளக்கும்வரை பெயின்ட்டைச் சுரண்டி போல்ட் முடுக்கியிருந்தான். காட்டுப் பாதையில் வண்டி எப்படித் தூக்கிப்போட்டாலும் அசையக் கூடாதென்று இன்வெர்ட்டரைப் பின் சீட்டுக்குப் பின்னால் ரப்பர் வைத்து இறுக்கியிருந்தான். மத்தியானத்திலிருந்து மழை, அப்போதிருந்தே தெருவில் கரண்ட் இல்லை. பொழுது சாயும் நேரத்துச் சாம்பல் வெளிச்சம், பட்டறையின் பாதி திறந்த ஷட்டருக்கு அடியில் நனைந்து கிடந்தது.

போன் அடித்தது. மச்சான், மனைவியின் அண்ணன்.

“மாப்பிள்ளை, முடிஞ்சுதா?”

“முடிஞ்ச மாதிரிதான் மச்சான். மீட்டர்தான் ஏதோ தப்பா காட்டுது.”

“புதுசு இல்லையா, கொஞ்சம் முரண்டு பிடிக்கும். காலைல வந்து வண்டிய எடுத்துக்கறேன். டீசல் நான் போட்டுக்கறேன், நீங்க அலையாதீங்க.” மச்சான் குரலைத் தணித்தார். “சாப்பிட்டீங்களா?”

“ம்.”

“இந்த ‘ம்’ எனக்குத் தெரியாதா? நாலு வாய் சாப்பிட்டுப் படுங்க.”

மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு ஜீப்பைக் கொடுக்கப் போகிறான். மூச்சுத் திணறுகிறவர்களை ஆக்சிஜன் மெஷினோடு கீழே கொண்டுவர ஆகும். அவன் மனைவி வைத்திருந்த மெஷினை மச்சான் முன்னாலேயே அங்கே சேர்த்துவிட்டார்.

இந்த ஏற்பாடே அவளுக்காகத் தொடங்கியதுதான். நுரையீரல் சுருங்கிப்போய், சுவரில் சொருகிய மெஷினை விட்டு நகர முடியாமல், கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் அடைந்து கிடந்தவள். “ராவும் பகலும் அது மூஞ்சியையே பாத்துக்கிட்டிருக்கீங்க. நல்ல சக்களத்தியாப் பாத்துக் கொண்டுவந்தீங்க” என்று மெஷினைக் காட்டிச் சிரிப்பாள். ஜீப்பில் இன்வெர்ட்டர் பொருத்தி, மெஷினை அதில் ஓட்டி, காட்டுப் பாதை வழியே மலை உச்சி வரைக்கும் கூட்டிப்போகிறேன் என்று அவன் சொல்லியிருந்தான். ஒரு நாள், கேபிள் வாங்க அவன் கடைக்குப் போயிருந்தபோது கரண்ட் போயிற்று. கட்டிலருகே மாற்று சிலிண்டர் இருந்தது. அதன் திருகைத் திறக்க அவள் கைக்கு வலுவில்லை. தோளில் மாட்டிய கேபிள் சுருளோடு அவன் வாசலில் வந்து நின்றபோது வீடு அவ்வளவு நிசப்தமாக இருந்தது.

போனை வைத்த பிறகுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. ஷட்டர்மேல் விழும் மழைக்கும் கூரைக் குழாயில் கொட்டும் தண்ணீருக்கும் அடியில், மிகவும் பழகிப்போனதால் இத்தனை நேரம் கேட்காமலே கேட்டுக்கொண்டிருந்த சத்தம். புஸ்ஸ்... டக். புஸ்ஸ்... டக். மெஷின் ஓடும் சத்தம். கூடவே, சூடேறிய பிளாஸ்டிக்கும் தலையணையில் ஊறிய தைலமும் கலந்து, அவள் அறையின் வாசனை ஜீப்புக்குள்ளிருந்து கதகதவென்று வந்தது.

எண் ஏறும்போது ஒரு மூச்சு உள்ளே போயிற்று. இறங்கும்போது வெளியே வந்தது.

அவன் ஸ்விட்சை அணைத்தான்.

சத்தம் நின்றது. பின் சீட்டின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது. காற்றைத் தேடி வாய் திறக்கும் ஓசை, வறண்டு, கிழிந்து. ரெக்ஸினை நகங்கள் பிறாண்டும் ஓசை. சீட்டில் யாருமில்லை. சீட்டு மட்டும் நடுவில் அமுங்கியிருந்தது.

“அணை... க்கா... தீங்க...”

கை தானாகப் போய் ஸ்விட்சைப் போட்டது. புஸ்ஸ்... டக். பிறாண்டல் ஓய்ந்தது.

“இல்லம்மா. அணைக்கல. அணைக்கல பாரு.” கண்ணீர் தாடியில் இறங்க, அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். ஓடிப்போகத் தோன்றியது. ஒருமுறை அவளைத் தனியாக விட்டுப்போனவன் எப்படி ஓடுவான்? பேட்டரி இறங்கிவிடும் என்பதுதான் அடுத்து வந்த நினைப்பு. ஷட்டரை முழுக்கத் தூக்கினான். இன்ஜினைக் கிளப்பினான். வண்டியை மழைக்குள் எடுத்து, வீடுகள் முடியும் இடத்தில் காட்டுப் பாதைக்குத் திருப்பினான்.

பள்ளத்தில் சக்கரங்கள் இறங்கி ஏற, சேறு கதவுகளில் அறைய, ஹெட்லைட் வெளிச்சத்தில் நனைந்த மரங்கள் ஒவ்வொன்றாக முன்னால் வந்து நின்று விலக, அவன் பேசிக்கொண்டே ஓட்டினான். ஓடை தெரியுதா? அந்தப் பாறை தெரியுதா? பின்னாலிருந்து மூச்சு மட்டும் பதில் சொன்னது. பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியை மேலே திருப்பி வைத்திருந்தான். அதில் பார்க்கத் துணிவில்லை.

“இன்னும் மேல” என்றது குரல். இப்போது அதில் திணறல் இல்லை.

ஏறினான்.

“இன்னும்.”

மரங்கள் குறைந்தன. பனிமூட்டம் முன்கண்ணாடியில் வந்து ஒட்டியது. அப்போதுதான் டீசல் முள் அவன் கண்ணில் பட்டது. இன்ஜின் இருமியது. ஒரு குலுக்கல். நின்றுவிட்டது.

ஹெட்லைட்டை அணைத்தான். பேட்டரியில் இருப்பதெல்லாம் அவளுக்கு. சாவியைத் திருகிப் பார்க்கவும் பயம். போனில் டவர் இல்லை. இருட்டில் மழையும் அந்த மூச்சும்.

பிறகு, பீப்.

பேட்டரி தீரப்போகிறது என்று இன்வெர்ட்டர் கூவியது. பீப். பீப். மூச்சு இடறியது. ரெக்ஸினில் நகங்கள்.

“கொஞ்சம் பொறும்மா. ஏதாவது பண்றேன். பொறு.”

பீப்.

நகங்கள் சீட்டை விட்டுவிட்டன.

எங்கே போயின?

கழுத்தில் குளிர். இரண்டு பக்கமும் விரல்கள். இத்தனை காலம் அவன் அவளுக்குச் செய்த அதே பதவிசோடு, அவன் காதுகளுக்குப் பின்னால் எதையோ மாட்டின. மெல்லிய பிளாஸ்டிக் குழாய். அதன் இரண்டு முனைகளும் மூக்கில் வந்து பொருந்தின.

அதில் காற்று வரவில்லை.

அது இழுத்தது.

பிடுங்கி எறிய அவன் கை உயர்ந்தது. பாதியில் இன்னொரு கை அதைப் பிடித்தது. கெஞ்சுவதுபோல மெதுவாக இறக்கி, அவன் மடியில் வைத்து, விடாமல் பொத்திக்கொண்டது. அவனும் அந்தக் கையை விடவில்லை.

இன்வெர்ட்டர் கூவி ஓய்ந்தது. அவன் நெஞ்சு ஒட்டிக்கொண்டே போக, இருட்டில், அவன் பிடரிக்கு வெகு அருகில், வேறொரு நெஞ்சு நிறைந்துகொண்டே வந்தது.