கோட்டுக்குள் நான்கு கைகள்

படப்பிடிப்பின் மூன்றாம் நாள், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது, பெரியவருக்கு மூக்கு அரித்தது. பியானோக்காரனின் வலது கை கட்டைகளை விட்டு எழுந்து, கொஞ்சமும் தடுமாறாமல் அந்த மூக்கின் இடது ஓரத்துக்குப் போய், அளவாகச் சொறிந்துவிட்டு, இறங்கி வந்து விட்ட இடத்திலிருந்து வாசிப்பைத் தொடர்ந்தது. தளமே சிரித்தது. அரிக்கிறது என்று பெரியவர் வாய் திறந்து சொல்லவில்லை. பியானோக்காரனுக்கு அந்த மூக்கு கண்ணில் படவும் வழியில்லை, ஏனென்றால் அவன் முகம் பெரியவரின் முதுகில் புதைந்திருந்தது.

ஏற்பாடு இதுதான். அந்தப் படத்தில் பெரியவருக்குப் பியானோ மேதை வேடம். நிஜத்தில் அவர் கதவைத் தட்டினால்கூடத் தாளம் தப்பும். அதனால் அவருடைய இரண்டு கைகளையும் மார்போடு மடக்கி வைத்து, மேலே தொளதொளவென்ற கறுப்புக் கோட்டைப் போட்டுப் பொத்தான் மாட்டிவிடுவார்கள். பின்னால் ஒரு ஸ்டூலில் பியானோக்காரன் ஒட்டி உட்கார்ந்து, அதே கோட்டுக்குள் நுழைந்து, தன் கைகளைக் கோட்டுக்கைகளில் விட்டு முன்னால் நீட்டி வாசிப்பான். கேமராவுக்குத் தெரிவது ஒரு முகம், இரண்டு கை.

மானமுள்ள கலைஞன் எவனும் ஒரு நாளுக்கு மேல் இதற்கு உட்கார மாட்டான். இவன் மூன்று வாரத்துக்கு ஒப்புக்கொண்டான், அதுவும் தன்னுடைய முதல் தனிக் கச்சேரிக்கு முந்தைய மூன்று வாரம். காரணம் காதல். அப்படித்தான் அவன் அதற்குப் பெயர் வைத்திருந்தான். நமக்கு வாயில் வேறு பெயர் வருகிறது. பதினைந்து வயதில் சுவரில் ஒட்டிவைத்த முகம் இருபத்துநாலு வயதில் முதுகாகக் கிடைத்தது, அவ்வளவுதான். கோட்டுக்குள் இருட்டு; வியர்வையில் ஊறிய கம்பளித் துணியின் வாடை, தலைக்குப் பூசிய மையின் காட்டம், முகப் பவுடர், இருமல் மிட்டாய்; மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் மெல்லிய சீழ்க்கை, சாப்பாட்டுக்குப் பிறகு வயிற்றில் கடமுடவென்று ஓர் உருட்டல். இதையெல்லாம் அவன் கண்ணை மூடி, கிறங்கிப்போய்க் கேட்டுக்கொண்டிருந்தான்.

பெரியவர் ஒரு நாளும் திரும்பி அவனைப் பார்த்ததில்லை. பெயரும் கேட்டதில்லை. "பின்னாடி வந்தாச்சா?" என்று காற்றைப் பார்த்துக் கேட்பார். பின்னாடி என்பது இவன்தான். அதை இவன் செல்லப்பெயர் என்று எடுத்துக்கொண்டான். மூக்கு விஷயத்தையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். அவருக்கு அரிப்பது எனக்குத் தெரிகிறது, அவ்வளவு ஒன்றிப்போய்விட்டோம் என்று பூரித்தான்.

வீட்டில் அக்காவும் அவனும்தான். அவள் பல் டாக்டரிடம் வேலை பார்ப்பவள். அடுத்தவர் வாயைப் பார்த்தே பொழுதைக் கழிப்பதால் தன் வாயை அடக்கப் பழகாதவள். ஒரு நாள் காலையில், அவன் முன்னால் ஆறிக்கொண்டிருந்த காப்பியை நகர்த்திவிட்டு அவன் விரல்களையே பார்த்தாள். அவை மேசையைத் தட்டிக்கொண்டிருந்தன. தாளம் துளியும் இல்லை.

"எப்பலேர்ந்துடா இப்படித் தட்ற?"

"நான் எங்க தட்டினேன்?" என்று சொல்லிவிட்டுத்தான் அவன் குனிந்து பார்த்தான். தட்டிக்கொண்டுதான் இருந்தது.

"தோலெல்லாம் தொங்குது. சோப்பு ஒத்துக்கலையா?" அவள் அவன் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு விட்டாள். "ஆம்பளைங்களத்தான் பிடிக்கும்னு நீ சொன்னப்ப நான் ஒரு வார்த்தை பேசினனா? இப்பப் பேசறேன். உலகத்துல இத்தனை ஆம்பளைங்க இருக்கும்போது அந்தக் கிழத்தையா பிடிச்ச? தலையில மை, தொப்பைய அமுக்க வயித்துல பட்டை. அந்த ஆளுகிட்ட எது சொந்தம்னு அவருக்கே ஞாபகம் இருக்காது."

"உனக்குப் புரியாதுக்கா."

"புரியவே வேணாம். கச்சேரிக்குப் பத்து நாள்தான் இருக்கு. அது போச்சுன்னா இன்னொருத்தன் உன்னக் கூப்பிடமாட்டான். கையப் பத்திரமா வச்சுக்க."

அவனுக்குக் கைதான் பெருமை. கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை விரித்தால் பத்துக் கட்டை எட்டும். கச்சேரிக்கு அவன் எடுத்திருந்ததெல்லாம் பத்துக் கட்டை எட்டினால்தான் வாசிக்க முடிகிற உருப்படிகள். அன்று பயிற்சிக்கு உட்கார்ந்து விரித்தபோது ஒன்பதுதான் எட்டியது. அலைச்சல் என்று வெந்நீரில் ஊறவைத்தான். மறுநாளும் ஒன்பது. அதற்கு மறுநாள் எட்டு, அதுவும் வலியோடு. அன்று முதல் தடவையாகப் பாதியில் பியானோவை மூடிவைத்தான்.

தளத்தில் உடைக்காரர் ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு கோட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"கோட்டுக்கை பத்தலையாம். ரெண்டு இஞ்சு இறக்கித் தைக்கணும்."

"எனக்கு இப்பவே தொங்குதே?"

"உனக்கு யாரு கேட்டா? அவருக்குத் தம்பி. காலைல அவரே கைய விட்டுப் பார்த்தாரு. வீட்டுச் சட்டையும் மூணு அனுப்பியிருக்காரு. அறுபது வயசுல ஆளுக்குக் கை வளருது." உடைக்காரர் நூலைக் கடித்து அறுத்தார். "நடிகருன்னா எல்லாம் வளரும் போல."

அன்று கோட்டுக்குள் நுழைந்தபோது எப்போதும் வரும் அந்தக் கிறக்கம் வரவில்லை. வெளியே விளக்குகள் உறுமின, யாரோ அமைதி என்று குரல் கொடுத்தார்கள், அவன் இருட்டில் அவர் முதுகில் கன்னத்தை வைத்து வாசிக்க ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் அந்த முதுகு வழியாக, விலா எலும்புகளைத் தாண்டி, ஓர் அசைவு வந்தது. நெஞ்சின் அந்தப் பக்கம், மடங்கிக் கிடக்க வேண்டிய கைகள் மடங்கிக் கிடக்கவில்லை. விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. தன் மார்பின் மேலேயே அவர் வாசித்துக்கொண்டிருந்தார். இவன் அழுத்திய அதே கட்டை. அதே நேரம். இவன் பயந்து நிறுத்தினான். அங்கே நிற்கவில்லை. இடது கையில் வரும் அந்தக் கஷ்டமான இடம், இவன் ஆறு வருஷம் மாரடித்துக் கற்றது. பிசகில்லாமல் ஓடி முடிந்தது.

மறுநாள் அவனை வாசலிலேயே நிறுத்தினார்கள். அவரே வாசிக்கிறாராம். விளக்குகளுக்குப் பின்னால் நின்று அவன் பார்த்தான். கோட்டுக்குள் ஒரே ஆள். பின்னால் ஸ்டூல்கூட இல்லை. விரல்கள் அநாயாசமாக விரிந்தன. பத்துக் கட்டை.

ஒப்பனை அறையில் பெரியவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். வழுவழுப்பான, நீண்ட, இளம் விரல்கள். தோல் ஒரே சுருளாக, அறுபடாமல் வந்தது.

"சார். என் கை," என்றான். தன் கைகளைத் தூக்கிக் காட்டினான்.

அவர் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார். முகத்தை அல்ல. எப்போதோ யாருக்கோ கொடுத்துவிட்ட பழைய சட்டையைப் பார்ப்பதுபோல அந்தக் கைகளைப் பார்த்தார்.

"அதுவா? இதுக்கு ஆசைப்பட்டுத்தானே இத்தனை நாள் ஒட்டிக்கிட்டு உக்காந்திருந்த. இருக்கட்டும், வச்சுக்க."

அடுத்த நான்கு நாளும் அவன் வீட்டில் கையுறையோடு திரிந்தான். அக்கா கேட்டதற்குக் குளிர் என்றான். கச்சேரியை ரத்து செய்யவும் இல்லை. மேடையேறினால் கை தானாகத் திரும்பி வந்துவிடும் என்று நம்பினான். அவனுடைய மூளைக்கு அவ்வளவுதான் எட்டியது.

சனிக்கிழமை மாலை. அரங்கு நிறைந்திருந்தது. முன்வரிசையில் அக்கா, நல்ல உடுப்பில், கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு. யாரோ இருமி அடங்கினார்கள். நாற்காலிகள் கிறீச்சிட்டு ஓய்ந்தன.

கையுறையைக் கழற்றினான்.

கட்டைகளின் மேல் வைத்தான். பழுப்புப் புள்ளிகள். தளர்ந்த தோல். நகக்கண்ணில் தலைக்குப் பூசிய மை. விரித்தான். ஆறு கட்டை. அழுத்தினான். சத்தம் வரவில்லை. விரல்கள் சும்மா கிடந்தன. வேலை செய்து பழக்கமில்லாத விரல்கள்.

ஒரு நிமிடம். இரண்டு.

அக்கா எழுந்து நின்றாள்.

ஓடியிருக்கலாம். அழுதிருக்கலாம். அவன் கைகளை இறக்கிவைத்துப் பார்த்தான். இரண்டு வாரமாக அந்த முதுகுக்கு அப்பால், தொடக் கிடைக்காமல் இருந்த கைகள். இப்போது மடியில். அவனுக்கே அவனுக்கு. வெட்கங்கெட்டவன், அத்தனை பேருக்கு முன்னால் குனிந்து வலது கைக்கு முத்தம் கொடுத்தான்.

கை மெதுவாக எழுந்தது. அவன் எழுப்பவில்லை. அவன் கன்னத்தில் இரண்டு தட்டு தட்டியது. பிறகு அவன் சட்டையில் நன்றாகத் துடைத்துக்கொண்டது.