வெயில் காணாத தண்ணீர்

கதவு நிலையில் ஒரு வேப்பங்கொத்து தொங்கியது. பேராச்சி அதைக் கட்டவில்லை.

குழாயடியிலிருந்து இரண்டு குடத்தோடு வந்தவள் அப்படியே நின்றாள். மாதுங்கா மார்க்கெட்டில் கட்டாக விற்பார்களே, அந்த வேப்பிலை. மழையில் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு விஜயராணியின் வாசலில் ஐந்து நாளாக ஒரு கொத்து இருக்கிறது. அவள் மகள் சாதனாவுக்கு மணல்வாரி அம்மை, அதனால் அது நியாயம். எதிர்வீட்டுப் பூமாரியின் வாசலிலும் இன்று ஒன்று தொங்கியது. அங்கே யாருக்கும் அம்மை இல்லை, இங்கேயும் இல்லை. பிறகு எவள் வந்து கட்டினாள்?

அவிழ்த்துத் தூர எறிந்திருக்கலாம். ஆனால் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் முன் கட்டிய வேப்பிலையை அவிழ்க்க எந்தத் திருநெல்வேலிக்காரிக்குக் கை வரும்? தாராவிக்கு வந்து பதினெட்டு வருடமாகியும் அந்தப் பயம் அவளை விட்டுப் போகவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு, கொத்து தலையில் படாமல் குனிந்து உள்ளே போனாள்.

பத்துக்குப் பத்து அறை, ஜன்னல் கிடையாது. நண்பகலிலும் டியூப்லைட் எரிந்தால்தான் முகம் தெரியும். அலமாரியில் ஒரு தெர்மாமீட்டரும் ஒரு அட்டையும் இருந்தன. டெங்குவுக்கு வரப்போகும் புதுத் தடுப்பூசியைச் சோதித்துப் பார்க்க ஆஸ்பத்திரியில் ஆள் கேட்டார்கள். பேராச்சி தானாகப் போய்ப் பெயர் கொடுத்தாள். போன மழைக்கு அவள் தம்பியை அந்தக் காய்ச்சல் மூன்றே நாளில் கொண்டுபோயிருந்தது. பயந்து பின்வாங்கிய பூமாரியையும், "வாட்டி, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று கையைப் பிடித்து இழுத்துப்போனவள் அவளே. இரண்டாவது ஊசி போட்டு இன்று ஆறாம் நாள். தினமும் காய்ச்சல் பார்த்து அட்டையில் குறிக்க வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து சபா என்ற பெண் போன் செய்து விசாரிப்பாள்.

அரிசி களையும்போதுதான் இன்னொன்று உறைத்தது. தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சாதனாவின் இருமல் இல்லை. ஐந்து நாளாக இரவும் பகலும் தகரத்தை அதிரவைத்த இருமல் அது, நெஞ்சைக் கீறிக்கொண்டு வரும். ஊசிக்காரர்கள் சந்துக்குள் வந்தபோது விஜயராணி பிள்ளையைப் பரணில் ஒளித்து வைத்தாள். "மணல்வாரி ஊசிய மட்டுமாவது போட்டுருங்க மைனி" என்று வாதாடப் போய், பேராச்சிக்கும் அவளுக்கும் இரண்டு மாதம் பேச்சு இல்லாமல் கிடந்தது. இப்போது இருமல் நின்றுவிட்டது. பிள்ளை தேறிவிட்டாள் என்று பேராச்சி உண்மையாகவே சந்தோஷப்பட்டாள்.

சாப்பிட்டு எச்சிலைக் கொட்டக் கதவைத் தள்ளினாள். திறக்கவில்லை. வெளியே கொண்டி போட்டிருந்தது.

"யாரு அது? கொண்டிய எடுங்க."

"நாந்தான்." விஜயராணியின் குரல், கதவுப் பலகையோடு வாயை வைத்துப் பேசுவதுபோல அவ்வளவு பக்கத்தில் கேட்டது. எத்தனை நேரமாக அங்கேயே நிற்கிறாளோ. "அம்மா வந்த வீடு. வெளிய வரக் கூடாதுல்லா."

"எனக்கு ஒண்ணுமில்ல மைனி. வேணும்னா உள்ள வந்து பாருங்க."

"நீயும் பூமாரியும் ஊசியில அவள வாங்கிட்டு வந்திய. அவ கோவப்பட்டு என் வீட்டுக்கு வந்துட்டா. ஒங்க ரெண்டு பேரு மேலருந்தும் அவ எறங்குனாத்தான் மத்த பிள்ளைய பொழைக்கும்."

"சாதனா எப்படி இருக்கா மைனி?"

தகரக் கூரையில் மழை மட்டும் பெய்தது. அதே குரல் சொன்னது. "வந்திருக்கான்னு ஒத்துக்கிடு. தண்ணி ஊத்தித் தொறந்து விட்டுருதோம். ஒத்துக்கிடாதவளுக்கு ஊத்தக் கூடாது."

வாஷி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் புருஷன் பூதத்தானுக்குப் போன் போட்டாள். அவன் சிரித்தான். "தண்ணிதானட்டி ஊத்துவாவ, தீயவா வைப்பாவ? ஒத்துக்கிட்டுப் போ. நாளைக்கும் அந்தச் சந்துலதான இருக்கணும்."

அவன் சொல்வதும் சரிதான். வழக்கத்தால் பூட்டிய கதவை வழக்கத்தால்தான் திறக்க முடியும். ஏழு வயதில் அவளுக்கும் ஊற்றியிருக்கிறார்கள். வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் காலையிலிருந்து வெயிலில் வைத்து எடுத்த தண்ணீர் உச்சியில் விழுந்து முதுகில் இறங்கியபோது எவ்வளவு சுகமாக இருந்தது.

"வந்திருக்கா மைனி. ஒத்துக்கிடுதேன்," என்றாள். பிறகு எதிர்க்கதவுக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினாள். "ஏட்டி பூமாரி, நீயும் ஒத்துக்கிடு. தண்ணி ஊத்துனா விட்டுருவாவ."

"நெசமாவா எக்கா?"

"நான் சொல்லுதேம்லா."

நான்கு மணிக்குமேல் மழைவாடையை அமுக்கிக்கொண்டு அந்த வாசனை வந்தது. கசப்பும் மஞ்சளும் கலந்த வாசனை தகரத்தின் ஆணி ஓட்டை வழியாக நுழைந்து தொண்டையில் ஒட்டியது. கூடவே ஸ்டவ் இரைச்சல், விஜயராணி வீட்டில் ஒன்று, அதற்கடுத்த வீட்டில் ஒன்று, சந்து முனைவரைக்கும் ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டது. பேராச்சி கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தாள். அம்மனுக்கு ஊற்றும் தண்ணீரை யாரும் அடுப்பில் வைப்பதில்லை, வெயிலில்தான் வைப்பார்கள். நான்கு நாளாக வெயில் இல்லை. மழைக்காலமாயிற்றே, லேசாகச் சூடு காட்டுகிறார்கள் போல.

மூடிகள் குதிக்கும் சத்தம் கேட்டது.

எதிரே பூமாரியின் கதவில் கொண்டி கழன்று விழுந்தது. பல கால்கள் உள்ளே போயின. எவரும் பேசவில்லை, குலவை போடவில்லை. பூமாரி மட்டும், "மெதுவா ஊத்துங்க சித்தி" என்றாள்.

அலறல் பாதி வந்தது. மீதி வாய்க்குள்ளேயே கொதித்தது.

இன்னொரு குடம். இன்னொன்று. தகரத்தில் குதிகால்கள் உதைத்தன. எண்ணெயில் விழுந்தது போல ஒரு சீறல். பிறகு உதை நின்றது. குடங்கள் நிற்கவில்லை.

கதவடியிலிருந்து மஞ்சள் தண்ணீர் ஆவியோடு உள்ளே வந்தது. பேராச்சியின் கால்விரல் சுட்டது. துள்ளி விலகினாள். வேப்பிலைகள் மிதந்து வந்தன. அவற்றோடு வெளுத்து மெலிந்த ஏதோ ஒன்றும் வந்தது. பால் ஏடு போலச் சுருங்கி வாசற்படியில் தட்டி நின்றது. அதன் நுனியில் சிவப்புப் பாலிஷ் போட்ட நகம் ஒன்று இருந்தது. பூமாரியினுடையது.

நான்தான் ஒத்துக்கொள்ளச் சொன்னேன். ஊசிக்கும் நான்தான் கூப்பிட்டேன்.

பூதத்தானுக்கு அடித்தாள். எடுக்கவில்லை. திரும்ப அடித்தாள். எடுக்கவில்லை. ஸ்டீல் பீரோவைக் கதவுக்குத் தள்ளினாள். நகரவில்லை.

"மைனி, நான் ஒத்துக்கிடல. எனக்கு ஒண்ணுமில்ல. ஒண்ணுமே இல்ல."

"சொன்ன சொல்லு அவ காதுல விழுந்துட்டு," என்றது குரல், கதவோடு ஒட்டி.

கையில் போன் அதிர்ந்தது. மணி ஐந்து. பச்சையைத் தொட்டாள். விரல் தவறி அது ஸ்பீக்கருக்குப் போயிற்று.

"பேராச்சிக்கா, சபா பேசுறேன். இன்னைக்கு ஆறாவது நாள். காய்ச்சல் எதுவும் இருக்கா?"

கொண்டி விழுந்தது. போனும் விழுந்தது.

விஜயராணி வாசலில் நின்றாள். தோளில் சாதனாவை மஞ்சள் துணியால் கட்டியிருந்தாள். பிள்ளையின் கால்கள் ஆடின. ஈக்கள் எழுந்து திரும்ப உட்கார்ந்தன. பின்னால் சந்து நெடுக ஈரத்தலைப் பெண்கள். இடுப்பில் குடங்கள். ஆவி.

"பூமாரி குளுந்துட்டா," என்றாள் விஜயராணி. "ஒனக்கு மொதக் கொடம் அவதான் ஊத்தணும்."

அவள் ஒதுங்கி வழி விட்டாள்.

பூமாரி நடந்து வந்தாள். நடக்க அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை, ஆனாலும் வந்தாள். முகத்தில் தோல் இருந்த இடமெல்லாம் மஞ்சள் பூசியிருந்தது. இமைகள் இல்லாத கண்கள் பேராச்சியையே பார்த்தன, பாசமாக. தளும்பிய குடத்தைத் தலைக்குமேல் தூக்கினாள். பிடி நழுவவில்லை, உள்ளங்கைகள் குடத்தோடு ஒட்டிப்போயிருந்தன.

"ஊசி போட்ட இடத்துல சிவப்பு, வீக்கம்?" தரையிலிருந்து சபா கேட்டாள். "அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"எறும்பு கடிச்ச மாதிரிதான் எக்கா," என்றாள் பூமாரி, குடத்தைச் சாய்த்தாள்.