இரண்டு பேர் கூடாது

விடுதியில் சேர்ந்த அன்று, அறைச் சாவியைக் கொடுப்பதற்கு முன் வார்டன் சிஸ்டர் விதியைச் சொன்னார்.

"தனியா இருக்கலாம். மூணு பேரா இருக்கலாம். ரெண்டு பேரா மட்டும் கதவைச் சாத்திக்கிட்டு இருக்கக் கூடாது. இருந்தா அன்னைக்கே வீட்டுக்கு."

ஏன் என்று கேட்க வாய் எடுத்தேன். பக்கத்தில் நின்ற என் அறைத்தோழி முழங்கையில் கிள்ளினாள். இரண்டு பெண்கள் கதவைச் சாத்திப் பேசினால் எந்தக் குடி முழுகிவிடும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். அப்பா மூட்டை தூக்குகிறவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். திருப்பி அனுப்பினால், அங்கே ஒரு மாப்பிள்ளையைத் தயாராக வைத்திருக்கிறார்கள். அத்தோடு என் படிப்பு முடிந்தது.

அறையில் மூன்று இரும்புக் கட்டில்கள். மூன்றாவது கட்டிலுக்கு ஒதுக்கப்பட்ட பெண் வரவே இல்லை. அது சிஸ்டருக்குத் தெரியாது. அதை வைத்துத்தான் என் தோழி எங்கள் இருவரையும் காப்பாற்றி வந்தாள். அவளுக்கு 'மைக்' என்று பட்டப்பெயர். ரகசியம் சொன்னாலும் மூன்று அறைக்குக் கேட்கும். சிஸ்டர் எட்டிப் பார்த்து "மூணாவது ஆள் எங்க?" என்றால் உடனே சொல்வாள்:

"குளிக்கப் போயிருக்கா, சிஸ்டர்."

"எப்பப் பார்த்தாலும் குளியலா?"

"ரொம்ப சுத்தம் பார்ப்பா, சிஸ்டர்."

சிஸ்டர் போனதும் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரிப்போம்.

ஒரு மழைச் சாயங்காலம். எல்லோரும் ஜெபமாலைக்குச் சிற்றாலயம் போயிருந்தார்கள். வீட்டிலிருந்து வந்த போனைக் கேட்டு மைக் ஓவென்று அழுதாள். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். அழுகை வெளியே கேட்காமலிருக்கக் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். மின்சாரம் போனது. அணைந்த மெழுகுவர்த்தியின் புகை மாதிரி ஒரு வாசனை. நாங்கள் எதையும் ஏற்றியிருக்கவில்லை.

கதவு தட்டப்பட்டது.

தாழை நீக்கினேன். சிஸ்டரின் டார்ச் வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது. பிறகு மைக்கின் முகத்தில். பிறகு மூன்றாவது கட்டிலுக்குப் போய் நின்றது.

சிஸ்டர் சிரித்தார்.

"ஒரு வழியா குளிச்சு முடிச்சியா? தலையைத் துவட்டும்மா, சொட்டுது பார்."

அவர் போய்விட்டார்.

நாங்கள் திரும்பவில்லை. பின்னால் தரையில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று.

"நாம ரெண்டு பேர்தானடி இருக்கோம்?" என்றாள் மைக். அவள் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை.

மின்சாரம் வந்தபோது, மூன்றாவது கட்டிலில் இத்தனை நாளாகச் சுருட்டியே கிடந்த மெத்தை விரிந்திருந்தது. நடுவில் ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்கு ஈரம்.

மறுநாள் மைக்கின் அண்ணன் வந்தான். அம்மாவைப் பார்க்கப் போகிறவள் திரும்ப மாட்டாள் என்று அவள் மூட்டை கட்டிய விதத்திலேயே தெரிந்தது.

"நீயும் கிளம்புடி. என்னோட வா."

"உனக்குப் போக வீடு இருக்கு. எனக்குத் தாலிதான் இருக்கு. பேயாவது தேவலை, போடி."

சொல்லும்போது தைரியமாகத்தான் இருந்தது.

வேறு அறை கேட்டேன். இடமில்லை என்றார்கள். அன்று சாயங்காலம், ஆலய மணி அடித்ததும் கதவை விரியத் திறந்து, தண்ணீர் நிரம்பிய வாளியை அதற்கு முட்டுக் கொடுத்தேன். வாசலைப் பார்த்து உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன்.

வாளி தரையைத் தேய்த்துக்கொண்டு நகர்ந்தது.

கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

தாழ் விழுந்தது.

மூன்றாவது கட்டிலின் கம்பிச்சுருள் முனகியது. ஈரப் பாதங்கள் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றது. பிடரியில் ஒரு சொட்டு விழுந்தது.

கதவு தட்டப்பட்டது. பாய்ந்து போய்த் திறந்தேன். சிஸ்டரின் முகம் கடுத்திருந்தது. அவர் என்னைப் பார்த்தார். என் தோளுக்கு மேலே பார்த்தார்.

"அவ போய் ஒரு நாள்கூட ஆகல. அதுக்குள்ள ரெண்டு பேரும் தாழ் போட்டுக்கிட்டீங்களா?"

"சிஸ்டர், நான் தனியாத்தான் இருக்கேன். சத்தியமா."

"என் கண் எதிர்லயே பொய்யா? உங்க ரெண்டு பேர்ல ஒருத்தி நாளைக்கு வீட்டுக்குப் போகணும். யாருன்னு நீங்களே சொல்லுங்க."

'நான் படிக்கணும் சிஸ்டர்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஈரமான விரல்கள் பின்னாலிருந்து என் உதடுகளை மூடின.

காதருகில் பணிவான ஒரு குரல் எனக்கு முன்னால் பதில் சொன்னது.

"அவ போவா, சிஸ்டர்."